மெர்தேகா: ஒரு சொல்லும் டச்சுச் சட்டத்தின் இரு முகங்களும்

1945 ஆகஸ்ட் 17 அன்று இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்தது. அந்த நாள்களில் ஜாவாவின் தெருக்களில் மக்கள் ஒருவருக்கொருவர் வணக்கமாகச் சொல்லிக்கொண்ட சொல் ‘மெர்தேகா’. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மலாயாவின் விடுதலையும் அதே சொல்லால் முழங்கப்பட்டது. இச்சொல்லின் வேர் வடமொழியின் ‘மஹர்த்திக’. பெருஞ்செல்வமும் பேராற்றலும் உடையவர் என்பது அதன் பொருள். தீவுக்கூட்ட மொழிகளுக்குச் சென்றபோது அது வரிச்சுமையும் ஊழியக் கடமையும் இல்லாதவரைக் குறிக்கலாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதைத் தம் நாவுக்கேற்ப ‘மார்தெய்கர்’ எனத் திரித்து, படாவியா நகரின் ஒரு வகுப்பாருக்குப் பெயராக்கினர். அவர்கள் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். அவர்களுள் பலருடைய முன்னோர் சோழமண்டலம், மலபார், வங்கம் ஆகிய இந்தியக் கரைகளில் கப்பலேற்றப்பட்டவர்கள்.

ஒரு தேசத்தின் விடுதலை முழக்கம், மற்றொரு தேசத்தின் சட்டப் பதிவேட்டில் முன்னாள் அடிமைகளின் வகுப்புப் பெயராக இருந்தது. டச்சுக் காலனிய வரலாற்றில் ‘சுதந்திரம்’ என்ற கருத்து எவ்வாறு ஆளப்பட்டது என்பதை அறிய இந்தச் சொல்லைவிடச் சிறந்த நுழைவாயில் இல்லை.

டச்சுக் குடியரசின் பிறப்பே அடிமைத்தனம் குறித்த ஒரு வாக்கியத்தோடு தொடங்குகிறது. 1581இல் நெதர்லாந்து மாகாணங்கள் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியைத் துறந்து ஒரு சாசனம் வெளியிட்டன. குடிகள் மன்னனுக்காகப் படைக்கப்பட்டவர்கள் அல்லர், அவர்களை அடிமைகளைப் போல ஒடுக்குபவனை மன்னனாக ஏற்க வேண்டியதில்லை என்பது அதன் வாதம். இங்கே ‘அடிமை’ ஓர் உருவகம். அரசியல் ஒடுக்குமுறைக்கு உள்ளான நகர வணிகர்களும் பிரபுக்களும் தம்மைப் பற்றிப் பேச எடுத்தாண்ட சொல்.

பதினைந்து ஆண்டுகளில் உருவகம் உயிரோடு துறைமுகத்தில் வந்து இறங்கியது. 1596இல் ஜீலாந்து மாகாணத்தின் மிடெல்பர்க் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 130 ஆப்பிரிக்கர்களை ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என அனைவரும் அதில் இருந்தனர். இவர்கள் திருமுழுக்குப் பெற்ற கிறித்தவர்கள், எனவே எவருடைய உடைமையாகவும் இருக்க இயலாது என்று நகரத் தலைவர் வாதிட்டார். மாகாண மன்றம் அவர்களை விடுவிக்க முடிவு செய்தது. கப்பல் தலைவரோ, இவர்களை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசெல்ல அனுமதி வேண்டி மாகாணங்களின் பேரவையிடம் முறையிட்டார். பேரவை முதலில் மறுத்தது. மீண்டும் கேட்டபோது, அவர் விருப்பம்போல் செய்துகொள்ளலாம் என்ற அளவில் ஒதுங்கிக்கொண்டது. அடுத்த இரண்டரை நூற்றாண்டுகளின் சுருக்கம் இந்த ஒரு வழக்கிலேயே அடங்கிவிடுகிறது. உள்நாட்டு மண்ணில் விடுதலை அறிவிக்கப்பட்டது. கடலில் நடப்பதைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் வழக்கமும் அன்றே தொடங்கியது.

இந்தப் பிளவுக்குச் சட்ட இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் ஹூகோ க்ரோஷியஸ். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நலனுக்காக 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்னும் நூலை வெளியிட்ட அவர், 1625இல் வெளிவந்த ‘போர் மற்றும் அமைதியின் சட்டம்’ என்ற பெருநூலில் அடிமை முறையை ஆராய்ந்தார். இயற்கையின்படி எந்த மனிதனும் அடிமை அல்லன் என்பதை அவர் ஏற்றார். ஆனால் மனிதச் செயலால் அடிமை நிலை உண்டாகலாம் என்றார். போரில் சிறைப்பட்டவரை அடிமையாக்குவது நாடுகளின் வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்பட்டது. ஒருவர் தம்மைத் தாமே அடிமையாக ஒப்படைத்துக்கொள்ளவும் முடியும். வாழ்நாள் முழுவதும் உணவு, அதற்கு ஈடாக வாழ்நாள் முழுவதும் உழைப்பு என்பதில் அவர் பெருங்குற்றம் காணவில்லை. வேறு வழியே இல்லாத நிலையில் தந்தை தன் மகனை விற்கவும் அவர் கோட்பாட்டில் இடம் இருந்தது. சுதந்திரம் இயல்பாகவே மனிதனுடையது என்பதால், அதை அவன் விற்கவும் உரிமையுடையவன் ஆகிறான் என்பதே இந்த வாதத்தின் உட்கிடை.

இதற்கிடையே தாயகத்தில் வேறொரு மரபு உறுதிப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரின் 1644ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, நகர எல்லைக்குள் அனைவரும் சுதந்திரமானவர்கள், அடிமை எவரும் இல்லை என்று கூறியது. 1649இல் சைமன் வான் க்ரூனவேகன் என்ற சட்ட அறிஞர், ஒல்லாந்தில் வழக்கொழிந்த ரோமானியச் சட்டங்களைப் பட்டியலிட்டபோது அடிமை பற்றிய விதிகளையும் அவற்றுள் சேர்த்தார். இம்மண்ணில் கால்வைத்த அடிமை அக்கணமே விடுபடுகிறான் என்பது அவர் கருத்து.

தாயகத்தில் செத்துப்போன அதே ரோமானிய விதிகள்தாம் ஆசியாவில் உயிர்ப்பிக்கப்பட்டன. 1642இல் யோவான் மாட்சைக்கர் தொகுத்த ‘படாவியா சட்டங்கள்’ அடிமைகள் பற்றிய விதிகளை ரோமானியச் சட்டத்தின் அடித்தளத்தில் அமைத்தன. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை. அடிமையை விற்கலாம், அடகு வைக்கலாம், மரபுரிமையாக விட்டுச்செல்லலாம். வீட்டுக்குள் ‘திருத்துவதற்காக’ அடிக்கலாம், கொல்லலாகாது. இத்தொகுப்பைச் செய்த மாட்சைக்கர் பின்னர் இலங்கையில் ஆளுநராகவும், 1653 முதல் 1678 வரை கிழக்கிந்தியத் தலைமை ஆளுநராகவும் இருந்தவர். தம் சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்பதைக் காணும் வாய்ப்பு அவருக்கு நிறையவே இருந்தது.

அந்த நடைமுறையின் ஒரு முனை சோழமண்டலக் கரையில் இருந்தது. பழவேற்காட்டின் கெல்ட்ரியா கோட்டை, தேவனாம்பட்டினம், 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட நாகப்பட்டினம் ஆகியவை துணிக்கு மட்டுமல்லாமல் மனிதர்களுக்கும் ஏற்றுமதித் துறைகளாயின. இங்கிருந்த அடிமை வணிகம் ஆண்டுதோறும் சீராக நடந்ததன்று. பஞ்சமும் போரும் வந்தபோது பெருகி, மழை பெய்தபின் வற்றியது. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படையெடுப்புகளால் தஞ்சை நாட்டு விளைநிலங்கள் பாழ்பட்டன. அந்த ஆண்டுகளில் 8,000 முதல் 10,000 பேர் வரை கம்பெனியால் வாங்கப்பட்டதாக மார்க்குஸ் விங்க் தம் ஆய்வில் கணக்கிடுகிறார். பெரும்பாலோர் இலங்கைக்கும், சிறுபகுதியினர் படாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். 1670களிலும் 1680களின் இறுதியிலும் 1690களிலும் இதே கதை மீண்டும் நிகழ்ந்தது.

க்ரோஷியஸின் ஏடும் நாகப்பட்டினத்தின் கடற்கரையும் சந்திக்கும் இடம் இதுதான். ‘வாழ்நாள் உணவுக்கு வாழ்நாள் உழைப்பு’, ‘வேறு வழியற்ற தந்தையின் விற்பனை’ என்று லத்தீனில் எழுதப்பட்ட விதிவிலக்குகள், பஞ்ச காலத்தில் பொதுவிதியாயின. கம்பெனிப் பணியாளர் எவரையும் வலையில் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அரிசி விலை ஏறும்வரை காத்திருந்தால் போதும். விற்பனை ஒப்பந்தம் எழுதப்பட்டால் ஒப்புதல் இருந்ததாகப் பொருள். பசியின் பெயரால் பெறப்பட்ட ஒப்புதல் ஒப்புதலாகுமா என்ற கேள்வியை அந்தச் சட்டம் எழுப்பவில்லை.

இதைக் கூறும்போது உள்ளூர்ச் சமூகத்தை வெண்ணிறத்தில் தீட்டிவிட முடியாது. பஞ்சத்தில் தம்மையும் தம் குடும்பத்தாரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைச் சோழர் காலக் கல்வெட்டுகளே பதிவு செய்துள்ளன. நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட பண்ணையாள்களின் வாழ்க்கை சாதியால் முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. கம்பெனியின் ஏடுகளில் விற்கப்பட்டவரின் சாதி குறிக்கப்படுவதும் உண்டு. கொச்சியில் 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அடிமை விற்பனைப் பத்திரங்களில் அதைக் காணலாம். கம்பெனி புதிதாகச் செய்தது இரண்டு. ஊர்சார்ந்த, உறவுசார்ந்த ஒரு கட்டுமானத்திலிருந்து ஆளைப் பிய்த்தெடுத்துக் கடல் கடந்து செல்லும் சரக்காக்கியது. அந்தச் சரக்குக்கு ரோமானியச் சட்டத்தின் முத்திரையைக் குத்தியது. தஞ்சையில் ஒருவர் எந்தக் குடியைச் சேர்ந்தவராயிருந்தாலும், பதிவேட்டில் ஏறியபின் அவர் ‘கரையிலிருந்து வந்தவர்’, அவ்வளவே. ‘வான் டெ கூஸ்ட்’ என்ற அடைமொழி அதையே சொல்கிறது.

அப்படிப் பதிவான ஒரு பெயர் பழவேற்காட்டு கத்ரெய்ன். பழவேற்காட்டில் பிறந்து படாவியாவில் அடிமையாயிருந்த இப்பெண், தன்னைத் தாக்கிய காதலனைக் கொன்ற வழக்கில் 1656இல் தண்டிக்கப்பட்டாள். மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657இல் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டாள். பின்னர் விடுவிக்கப்பட்டு, வங்கத்திலிருந்து வந்த விடுவிக்கப்பட்ட அடிமை ஒருவரை மணந்தாள். தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பத்தினர் அவளுடைய மகனின் வழியினர். நீதிமன்றம் அவளைக் குற்றவாளியாக நிறுத்தியதால்தான் அவள் பெயர் நமக்குக் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சொத்தாகக் கருதப்பட்ட ஒருத்தி, தண்டிக்கப்படும் தருணத்தில் மட்டும் முழு மனிதப் பொறுப்புடையவளாக ஏற்கப்பட்டாள். அடிமைச் சட்டங்கள் அனைத்திலும் உள்ள இந்த முரண்பாட்டை டச்சுச் சட்டமும் தீர்க்கவில்லை.

1673ஆம் ஆண்டின் படாவியா மக்கள்தொகைக் கணக்கில் நகரிலும் புறநகரிலும் மொத்தம் 27,068 பேர். அவர்களுள் 13,278 பேர் அடிமைகள். டச்சுக்காரர்கள் 2,024 பேர் மட்டுமே. சுதந்திரமானவர்களுள் மிகப்பெரிய குழு மார்தெய்கர்கள்: 5,362 பேர். அதாவது, அந்த நகரில் சுதந்திரமாக வாழ்ந்தவர்களில் ஐவருக்கு இருவர் முன்னாள் அடிமைகள் அல்லது அவர்களின் மக்கள். அவர்கள் கிறித்தவர்கள், போர்த்துகீசியக் கலப்புமொழி பேசினர், தமக்கெனப் படைப்பிரிவு வைத்திருந்தனர். வடக்கு ஜகார்த்தாவின் தூகு கிராமத்தில் அவர்களுடைய வழியினர் இன்றும் வாழ்கின்றனர்.

ஆனால் அவர்களுடைய சுதந்திரத்துக்கு அடைமொழி இல்லாமல் பெயர் கிடைக்கவில்லை. டச்சு மொழியில் ‘ஃப்ரை’ என்றால் சுதந்திரமான என்று பொருள். காலனிகளில் இந்தச் சிறு சொல் ஒட்டுப்போட்டே வழங்கியது: சுதந்திரக் குடியர், சுதந்திரக் கறுப்பர், சுதந்திரச் சீட்டு. ஐரோப்பியர் எவரும் சட்டைப்பையில் சுதந்திரச் சீட்டோடு திரியத் தேவையில்லை. பிறப்பால் வராத சுதந்திரத்துக்கே காகிதச் சான்று தேவைப்பட்டது. அந்தக் காகிதமும் நிபந்தனைகள் நிறைந்தது. சூரினாமில் 1733இல் வந்த விதிகளின்படி, விடுவிக்கப்பட்டவர் தம் பழைய எசமானரிடம் மரியாதையோடு நடக்க வேண்டும்; எசமானர் வறுமையுற்றால் தாங்க வேண்டும்; தவறினால் மீண்டும் அடிமையாக்கப்படலாம். நன்னம்பிக்கை முனையிலோ, விடுவிக்கப்படுபவர் ஏழைகள் நிதிக்குச் சுமையாக மாட்டார் என்பதற்குப் பிணை கொடுக்க வேண்டியிருந்தது.

சமயமும் இதே வழியில் சென்றது. 1596இல் மிடெல்பர்க்கில் திருமுழுக்கு விடுதலைக்கான வாதமாக இருந்தது. 1742இல் லைடன் பல்கலைக்கழகத்தில் அந்த வாதத்தை மறுத்து லத்தீனில் உரையாற்றியவர் ஓர் ஆப்பிரிக்கர். தங்கக் கரையில் பிறந்து, சிறுவயதில் விற்கப்பட்டு, 1728இல் நெதர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட யாகோபுஸ் காப்பிட்டைன் என்பவர் அவர். கிறித்தவச் சுதந்திரம் ஆன்மாவைச் சார்ந்தது, உடலின் அடிமை நிலையோடு அது முரண்படுவதில்லை என்பது அவர் உரையின் சாரம். டச்சு மொழியில் அவ்வுரை அதே ஆண்டில் பலமுறை அச்சானது. பின்னர் எல்மினா கோட்டைக்குப் போதகராகச் சென்று, பள்ளி நடத்தி, கடனிலும் தனிமையிலும் 1747இல் அவர் இறந்தார். அவரைத் துரோகி என்று தள்ளுவது எளிது. தமக்குக் கல்வி தந்த மண்டபத்தில் எந்த வாதத்துக்கு அனுமதி இருந்ததோ அதைத்தான் அவரால் பேச முடிந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆன்மாவை விடுவித்து உடலைக் கட்டிவைக்கும் இந்தப் பிரிப்பு, திருமுழுக்கைக் கண்டு தோட்ட முதலாளிகள் அஞ்ச வேண்டிய தேவையை நீக்கியது.

அடுத்ததாகத் தாயகத்தின் மண்ணும் தன் ஆற்றலை இழந்தது. சூரினாமிலிருந்து எசமானரோடு ஆம்ஸ்டர்டாம் வந்து சென்றவர்கள், இம்மண்ணில் கால்வைத்ததால் தாம் விடுபட்டதாக உரிமை கோரத் தொடங்கினர். முதலாளிகள் முறையிட்டனர். 1776இல் மாகாணங்களின் பேரவை புதிய ஆணை பிறப்பித்தது. நெதர்லாந்துக்கு வரும் அடிமை, ஆறு மாதங்கள் தங்கிய பிறகே சுதந்திரம் பெறுவார். உரிமையாளர் வேண்டினால் அக்கெடுவை ஓராண்டு வரை நீட்டிக்கலாம். கால்பட்ட கணத்தில் விடுதலை தந்த மண், இப்போது நாட்காட்டி பார்த்துத் தரலாயிற்று. அமெரிக்கச் சுதந்திர அறிக்கை வெளிவந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது.

காட்டுக்குள் தப்பியவர்கள் வேறொரு சட்டத்தை எழுதினர். சூரினாமின் ந்ஜூக்கா மக்களோடு 1760இலும் சராமாக்கா மக்களோடு 1762இலும் காலனி அரசு அமைதி உடன்படிக்கை செய்துகொண்டது. தப்பியோடிய அடிமைகளின் சமூகங்களைப் போரில் வெல்ல முடியாதபோது, அவற்றின் சுதந்திரத்தைச் சட்டம் ஏற்றது. புதிதாகத் தப்பி வருவோரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது அதற்கு விலை. ஒரு சமூகத்தின் சுதந்திரம் அடுத்தவரின் அடிமைத்தனத்தைப் பிணையாகக் கேட்டது.

இந்த அடுக்குகள் அனைத்தையும் ஒரே வாதத்தால் உலுக்கியவர் குராசவோ தீவின் தூலா. 1795 ஆகஸ்ட் 17 அன்று, க்னிப் தோட்டத்தில் நாற்பது ஐம்பது பேர் வேலைக்குச் செல்ல மறுத்தனர். சில நாள்களில் எழுச்சி தீவின் மேற்குப் பகுதி முழுவதும் பரவியது. பேச்சுவார்த்தைக்கு அனுப்பப்பட்ட பாதிரியார் யாகோபுஸ் ஸ்கிங்க், தூலா கூறியவற்றைத் தம் அறிக்கையில் எழுதிவைத்தார். அதனால்தான் அவர் வாதம் இன்று நமக்குத் தெரிகிறது. தாங்கள் எவருக்கும் தீங்கு செய்ய வரவில்லை, தங்கள் சுதந்திரத்தை மட்டுமே நாடுகிறோம் என்றார் தூலா. பிரெஞ்சுக் கறுப்பர்களுக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது. ஒல்லாந்தைப் பிரான்ஸ் கைப்பற்றிவிட்டது. ஆகவே தாங்களும் சுதந்திரமானவர்களே என்று முடித்தார். மனிதர் அனைவரும் ஆதாம் ஏவாளின் மக்கள்தானே என்ற கேள்வியையும் அவர் பாதிரியார் முன் வைத்தார்.

இதைக் கலகக்காரரின் ஆவேசமாகப் படிப்பது தவறு. இது மூன்று படிகள் கொண்ட சட்ட வாதம். 1794 பிப்ரவரியில் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படையின் துணையோடு நெதர்லாந்தில் பத்தாவியக் குடியரசு பிறந்தது. அம்மாத இறுதியிலேயே அது மனித உரிமைகளை அறிவித்தது. இந்த இரு உண்மைகளையும் தூலா இணைத்தார். புதிய குடியரசு பிரான்ஸின் நட்பு நாடு, பிரெஞ்சு மாகாணம் அன்று, எனவே பிரெஞ்சுச் சட்டம் குராசவோவில் செல்லாது என்று ஒரு சட்ட அறிஞர் மறுமொழி கூறியிருக்கலாம். ஆனால் மனித உரிமைகளை அறிவித்த அரசு அதை எந்தக் கடலோரத்தில் நிறுத்துகிறது என்ற கேள்விக்கு அந்த மறுமொழி விடையாகாது. எழுச்சி அடக்கப்பட்டது. அக்டோபர் 3 அன்று தூலா வதைத்துக் கொல்லப்பட்டார். அதன்பின் அரசு வேலை நேரம், உணவு, உடை பற்றிச் சில விதிகளை வெளியிட்டது. சுதந்திரம் கேட்டவர்களுக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட அடிமைத்தனம் கிடைத்தது.

1797இல் அதே கேள்வி ஹேக் நகரின் தேசிய மன்றத்தில் எழுந்தது. அடிமை முறை ஒழிப்பை அரசியலமைப்பில் சேர்க்க வேண்டும் என்று பீட்டர் ஃப்ரேடே வாதிட்டார். தோட்டங்கள் அழியும், காலனிகள் போய்விடும் என்ற அச்சம் வென்றது. 1798இன் அரசியலமைப்பு அடிமைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 1814இல் அடிமை வணிகம் தடை செய்யப்பட்டது. அடிமை முறை தொடர்ந்தது. 1828இன் சூரினாம் ஆட்சி விதி, அடிமையைப் பொருளாகக் கருதாமல் ஆளாகக் கருத வேண்டும் என்றது; கூடவே, எசமானருக்கு முன் அவர் காப்பாளரின் பொறுப்பில் உள்ள சிறுவர் போன்றவர் என்றும் கூறியது. பொருள் என்ற நிலையிலிருந்து உயர்ந்தவர், வயதுக்கு வராதவராக நிறுத்தப்பட்டார்.

கிழக்கிந்தியத் தீவுகளில் 1860 ஜனவரி 1 அன்றும், சூரினாமிலும் கரீபியத் தீவுகளிலும் 1863 ஜூலை 1 அன்றும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. சூரினாமில் ஓர் அடிமைக்கு 300 கில்டர் வீதம் இழப்பீடு வழங்கப்பட்டது. பெற்றவர்கள் உரிமையாளர்கள், இழந்தவர்களாகக் கருதப்பட்டவர்களும் அவர்களே. அந்தத் தொகையில் பெரும்பங்கு, ஜாவா உழவர்கள் மீது திணிக்கப்பட்ட கட்டாயப் பயிரிடும் முறையின் உபரி வருவாயிலிருந்து வந்தது. ஒரு காலனியின் கட்டாய உழைப்பு மற்றொரு காலனியின் விடுதலைக்கு விலை செலுத்தியது. விடுதலை பெற்ற சூரினாம் மக்களுள் 15 முதல் 60 வயது வரையிலானோர் பத்தாண்டுகள் ‘அரசுக் கண்காணிப்பில்’ உழைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அக்கண்காணிப்பு 1873இல் முடிந்தது. அதே ஆண்டு ஜூன் 5 அன்று, கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய லல்லா ரூக் கப்பல் பாரமரிபோவை அடைந்தது. 1916 வரை 34,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அவ்வழியே சென்றனர்.

அடிமை முறையின் அனுபவத்திலிருந்தே சுதந்திரம் ஓர் உயர்ந்த விழுமியமாகப் பிறந்தது என்று ஓர்லாண்டோ பாட்டர்சன் எழுதினார். டச்சு வரலாறு அதற்கு ஒரு திருத்தம் சேர்க்கிறது. சுதந்திரத்தைக் குறித்து மிகுதியாகச் சட்டம் எழுதியவர்கள் அதை எப்போதும் இடம், காலம், நடத்தை, ஈடு என்ற நான்கு தூண்களில் கட்டினர். அதை நிபந்தனையற்றதாகச் சிந்தித்தவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலாத தூலா. 2022 டிசம்பரில் டச்சுப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2023 ஜூலை 1 அன்று மன்னர் மன்னிப்பு வேண்டினார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று தூலாவின் பெயர் மீது இருந்த குற்றக்கறையும் அதிகாரப்பூர்வமாக நீக்கப்பட்டது. அவருடைய வாதத்தை ஏற்க அரசுக்கு 228 ஆண்டுகள் தேவைப்பட்டன.

தமிழிலும் இந்த வேறுபாட்டுக்குச் சொல் உண்டு. ‘விடுதலை’ என்பது ‘விடு’ என்ற வினையடியாகப் பிறந்தது. விடுபவர் ஒருவர், விடப்படுபவர் ஒருவர் என இருவர் அதில் மறைந்து நிற்கின்றனர். ‘சுதந்திரம்’ பழைய ஊர்க் கணக்குகளில் பரம்பரையாக வரும் உரிமைப் பங்கையும் குறித்தது. அதை எவரும் தயவாகத் தருவதில்லை. டச்சுச் சட்டம் இரண்டரை நூற்றாண்டுகள் முதற்சொல்லின் பொருளிலேயே எழுதப்பட்டது. தூலா பேசியது இரண்டாம் சொல்லின் பொருளில்.

கொச்சியின் டச்சு ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றை வாசிக்கப் பழைய டச்சு எழுத்துமுறையும், தென்னிந்தியச் சாதி, ஊர்ப் பெயர்களைப் பிழைபட்ட எழுத்துக்கூட்டலிலிருந்து மீட்டறியும் மொழிப் பயிற்சியும் ஒருங்கே வேண்டும். ஐரோப்பிய ஆய்வாளர்களுக்கு முதலாவது எளிது, இரண்டாவது அரிது. இங்குள்ள மாணவர்களுக்கு நிலைமை நேர்மாறானது. ‘கரையிலிருந்து வந்தவர்’ என்று மட்டும் எழுதப்பட்டவர்கள் எந்தக் கரையின் எந்த ஊரினர் என்பதைக் கண்டறியும் பணி இன்னும் முடியவில்லை.